இட்டு நிரப்பிய நான்கு நொடி

'ஊகம்' என்ற ஒரு சொல்லைத் திரையிலிருந்து எடுத்தவன் நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், இரண்டு வரி நிரலை மாற்றினேன். யாரும் மிரட்டவில்லை. யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவும் இல்லை.

எங்கள் மென்பொருளுக்குப் பெயர் 'சாட்சி'. தொழிற்சாலை, சுரங்கம், துறைமுகம் என்று விபத்து நடந்த இடத்துக் கேமராப் பதிவை விசாரணை அதிகாரிகள் அதில்தான் போட்டுப் பார்ப்பார்கள். இப்போது கேமரா இல்லாத வேலைத்தளம் கிடையாது. சோறு தின்கிற இடத்தில்கூட வைத்திருக்கிறார்கள்.

வீடியோவைத் திறந்து ஓட்டுகிற உள்பாகத்தை எஞ்சின் என்போம். சாட்சியில் இருந்த எஞ்சினுக்குப் பதினாறு வயது. அதை எழுதிய கம்பெனியே மூடிப்போய்விட்டது. புதுப் பதிவுகளைப் போட்டால் திக்கும், பாதியில் நிற்கும். அதைவிடப் பெரிய புகார் சாம்பல் கட்டங்கள். கேமராவிலிருந்து காற்று வழியாக வருகிற தகவல் இரும்புக்கு நடுவே அங்கங்கே தொலைந்துபோகும். தொலைந்த இடத்தில் பழைய எஞ்சின் ஒன்றும் செய்யாது. சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாகக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும். 'எனக்குத் தெரியாது' என்று அது சொன்னது. அதை நாங்கள் கோளாறு என்று குறித்துவைத்தோம்.

புது எஞ்சின் கோடிக்கணக்கான வேலைத்தளப் பதிவுகளைப் பார்த்துப் பழகியது. முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் பார்த்து, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று தானே வரைந்து ஒட்டிவிடும். ஒட்டு தெரியாது. வேர்வைகூடச் சரியான இடத்தில் மின்னும். அப்படி நிரப்பிய நேரத்தில் திரையின் மூலையில் மஞ்சளில் 'ஊகம்' என்று வரும்படி முதலில் நான் வைத்திருந்தேன்.

சோதித்துப் பார்க்கக் கொடுத்த ஆறு அலுவலகங்களில் ஐந்து அந்த மஞ்சள் எழுத்தின் மேல்தான் புகார் எழுதின. கண்ணை இழுக்கிறது, தேதியை மறைக்கிறது, வக்கீல்கள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

"செட்டிங்ஸ்ல ஒரு ஓரமா வச்சிரு கனி. வேணும்கிறவங்க போட்டுக்கட்டும்," என்றாள் எங்கள் குழுத் தலைவி நித்திலா. என் முழுப்பெயர் சேர்மக்கனி.

ஓரமாக வைத்தேன். போட்டுக்கொண்டால்தான் வரும், இல்லாவிட்டால் வராது என்று வைத்தேன். எட்டு மாதத்தில் ஓர் அலுவலகமும் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் எஞ்சினைப் பாராட்டி எழுதினார்கள். எனக்குப் பதவி ஒரு படி ஏறியது.

ஒன்பதாம் மாதம், எங்கெங்கே எது எத்தனை தடவை ஓடுகிறது என்ற கணக்கில் ஒன்று உறுத்தியது. தெற்கே ஒரு துறைமுகத்து விசாரணை அலுவலகத்தில் ஒரே கோப்பு, அதிலும் ஒரே நான்கு நொடி, நாற்பத்தொரு தடவை ஓடியிருந்தது. எஞ்சின் அந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறது என்று நினைத்து, பிரதியைத் திறந்தேன்.

மரத்தடி ஏற்றி வந்த கப்பல். சரக்கறை வாயின் விளிம்பில் சிக்னல்காரர் நிற்கிறார். கிரேன் ஓட்டுகிறவருக்குச் சரக்கறைக்குள் நடப்பது தெரியாது. மேலே நிற்கிற இவருடைய கையைப் பார்த்துத்தான் தூக்குவார், இறக்குவார். உள்ளே ஒருவர் குனிந்து, தடிகளுக்கு நடுவில் மாட்டிய இரும்புக் கயிற்றை எடுத்துவிடுகிறார். சிக்னல்காரர் எட்டிப் பார்க்கிறார். வலது கையை நேராக மேலே உயர்த்தி ஆள்காட்டி விரலைச் சுழற்றுகிறார். தூக்கு என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் நிமிர்ந்து அவரைப் பார்க்கிறார். தடிக்கட்டு எழும்பி ஒரு பக்கமாக ஆடி வருகிறது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

ஆளைப் பார்த்துக்கொண்டே அடித்துக் கொன்றதுபோல இருந்தது.

என் கணினியில் பழைய எஞ்சினை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தேன். அதில் போட்டேன். சிக்னல்காரர் எட்டிப் பார்க்கிறார். பிறகு சாம்பல். நான்கு நொடி முழுக்கச் சாம்பல். சாம்பல் விலகும்போது தடிக்கட்டு அந்தரத்தில் இருக்கிறது.

அந்தக் கை, அந்த விரல், அந்த நிமிர்ந்த முகம் எதுவும் கேமராவில் இல்லை.

நித்திலாவிடம் போய்ச் சொன்னேன். அவள் நாற்காலியைத் திருப்பாமலே கேட்டாள். "இதுவரைக்கும் எத்தன பதிவு நிரப்பியிருக்கு?"

"எல்லாம் சேத்து ஆயிரத்து இருநூறு இருக்கும்."

"அதுல பாதி விசாரணை முடிஞ்சிருக்கும். எல்லாத்தையும் திறக்கணும்னு சொல்றியா?" நாற்காலியைத் திருப்பினாள். "நான் தடுக்கல கனி. போய்ச் சொல்லு. ஆனா அந்த ரெண்டு வரியில உன் பேர்தான் இருக்கு. என் பேர் இல்ல. தெரிஞ்சுக்கோ."

அவள் கெட்டவள் இல்லை. அவள் சொன்னது நிஜம்.

புதுப் பதிப்பு போட வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் துறைமுகத்துக்குப் போனேன். விசாரணை அலுவலகத்தில் எழுத்தர் ஞானதுரை காப்பி வாங்கிக் கொடுத்தார். "பிளேயர்ல ஒரு கோளாறும் இல்ல சார், அருமையா ஓடுது. அந்தா பெஞ்சுல இருக்காருல்லா, மாசானம், அவருதான் சிக்னல்காரரு. தெனமும் பத்து மணிக்கு வந்து அந்த நாலு செகண்ட போடுங்கம்பாரு. போட்டுட்டுப் போறேன். செத்தது அவரு பொண்டாட்டியோட கூடப்பிறந்த தம்பி. மனசு கெடந்து அடிக்கும்லா."

மாசானத்துக்கு ஐம்பது வயது இருக்கும். வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குக் கூப்பிட்டேன். மறுக்காமல் வந்தார். இடது கையால் கிளாசை வாங்கினார். இடது கைப் பழக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன். என் அப்பா உப்பளத்தில் உப்பு வாரப் பலகை இழுத்தவர். அம்மா தலையில் உப்புக் கூடை சுமந்தவள். சுமந்த உடம்பு எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வழிநெடுகப் படத்தையே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம் சொல்லணும். நீங்க பாக்குற அந்த நாலு செகண்டு கேமராவுல பதியல. எஞ்சின் தானா வரைஞ்சது. தடி மேல போயிருக்கு, அப்ப அதுக்கு முன்னால யாராவது தூக்குன்னு கை காட்டியிருக்கணும்னு அதுவா முடிவு பண்ணிக்கிட்டது. அது ஊகம்னு திரையில வரணும். வராம பண்ணினது நான்."

அவர் டீயை ஊதினார்.

"நீங்க அப்படிக் கை காட்டினீங்களா இல்லியான்னு யாருக்கும் தெரியாது," என்றேன்.

"எனக்குத் தெரியும்லா," என்றார்.

கிளாசை வைத்துவிட்டு வலது கையைத் தூக்கினார். நெஞ்சு வரைக்கும் வந்தது. நின்றுவிட்டது.

"அவ்வளவுதான். எட்டு வருசமாச்சு. தடி உருண்டு தோள்ல விழுந்துச்சு. மொத தடவ படத்தப் போட்டப்பவே பாத்தேன், என் கை ஜம்முன்னு மேல போகுது. எனக்கே ஆசையா இருந்துச்சு தம்பி."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி."

"சொன்னா, வலது கையத் தூக்க முடியாதவன் எப்படி சிக்னல்காரன் ஆனான்னு கேப்பான். தடி சுமக்க முடியாதுன்னு ஆனதும் எங்க கேங்கு ஆளுகதான் என்னைய மேல நிறுத்துனாங்க. டாக்டர் டெஸ்டுக்கு எனக்குப் பதிலா தளவாய் போனான். அட்டையில பழைய போட்டோ. ரெண்டு பேருக்கும் ஒரே மீசை. கையத் தூக்கிக் காட்டி, மாசானம்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தான். வந்து, 'அத்தான், ஒம்ம தோளு இருவது வயசுத் தோளுன்னு டாக்டர் சொல்லுதாரு'ன்னான்."

தளவாய்தான் செத்துப்போன மைத்துனன்.

"அப்ப நிஜத்துல என்ன நடந்துச்சு?"

"நில்லுன்னேன்." இடது உள்ளங்கையைத் தலைமேல் வைத்துக் காட்டினார். "எங்க கேங்குல இதான் நில்லு. ரெண்டு கையும் நீட்டி ஆட்டுற நில்லு எனக்கு வராதுல்லா. எங்க கிரேன்காரன் அந்தோணிமுத்துக்கு இது பழக்கம். அன்னிக்கு அவன் மகளுக்கு நிச்சயம், லீவு. மாத்தாளா ரெக்ஸ்னு ஒருத்தன் வந்தான். கோர்சு படிச்சவன். புத்தகத்துல தலையில தட்டினா, பெரிய கொக்கியப் போட்டுத் தூக்குன்னு அர்த்தமாம். காலையில ஏறும்போதே அவன்ட்ட சொல்லியிருக்கணும். ஒரு டீ குடிச்சிட்டுச் சொல்லுவோம்னு இருந்தேன். பெறகு நெனப்பே இல்ல. தளவாய் கீழ குனிஞ்சிருக்கான். நான் நில்லுங்கேன். அவன் தூக்குதான்."

கடைக்காரர் வந்து காலி கிளாசுகளை எடுத்துப் போனார்.

"படம் பொய்யி," என்றார் மாசானம். "பழி பொய்யில்ல."

"அண்ணாச்சி, மறந்தது வேற. ஆளப் பாத்துக்கிட்டே தூக்கச் சொல்றது வேற. படத்துல நீங்க அப்படித்தான் தெரியுறீங்க. நான் விசாரணையில சொல்லிடுறேன். அந்த நாலு செகண்டு காலின்னு நிரூபிக்க என்கிட்ட பழைய எஞ்சின் இருக்கு."

"காலின்னா, அந்தக் காலி எடத்துல நீ என்ன செஞ்சேன்னு கேப்பான். நான் என்னத்தச் சொல்ல? தலையில கை வச்சேன்னு சொன்னா, அது என்ன ஒங்க ஊரு சிக்னல்னு தோண்டுவான். கேங்கு மொத்தத்தையும் டாக்டர் முன்னால நிறுத்துவான். பதினோரு பேரு இருக்கோம். மருதையாவுக்கு ஒரு காது கிடையாது. கொம்பையாவுக்கு முட்டி மடங்காது. முழுசா ஒருத்தன் தேற மாட்டான். மூணாவது பெர்த்துல ஆளில்லாத கிரேன் வந்து நிக்குது, பாத்தியளா? அத ஓட்டத் தொடங்க ஒரு காரணம்தான் வேணும். தளவாய் எனக்காகப் போயி ஏமாத்தினதும் வெளிய வரும். செத்தவன ஏன் திருடனாக்கணும்?"

"ஒங்களுக்கு என்ன ஆகும்?"

"வேலைக் கார்டு போகும். கேசு வரும். வரட்டும்."

"அப்ப ஏன் தெனமும் வந்து பாக்குறீங்க?"

என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். பல் தெரியாத சிரிப்பு. "வெள்ளிக்கிழமை விசாரணை. படத்துல உள்ளபடி சொல்லணும்லா. மொதல்ல குனியுதேனா, கையத் தூக்குதேனா, வெரலு எத்தன சுத்துன்னு. புதுசாப் பொய் சொல்ல எனக்கு வராது தம்பி. இது ரெடியா இருக்கு. படிச்சா போதும். மூணு சுத்து. இன்னிக்குத்தான் சரியாப் பிடிபட்டுது."

நான் அவருக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. அவர் நாற்பது நாளுக்கு மேல் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்கிறார்.

"வீட்ல?" என்று கேட்டேன்.

"உலகம்மாட்ட உள்ளதச் சொன்னேன். நம்பல. 'படத்துல கையத் தூக்குதீராமே, பாத்தவுக அத்தன பேரும் சொல்லுதாவளே'ங்கா. அவ படம் பாக்கல. தம்பி சாகுறத எப்படிப் பாப்பா? தளவாய்க்குக் கல்யாணமாகல. அவன் வீடு பூட்டிக் கெடந்துச்சு, தெறந்து அங்கயே இருந்துக்கிட்டா." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "சட்டை போட்டு விடுறது அவதான். இப்ப நானே போட்டுக்கிடுதேன்."

"நான் வேணா அவங்கட்ட வந்து..."

"வந்து நீங்க யாருன்னு சொல்லுவீங்க?"

அவர் எழுந்தார்.

"ஒங்க மனசு ஆறணும்னு சொல்லணும்ங்கிறீங்க. எனக்குப் புரியுது. அத எங்க பொழப்பு மேல வச்சு ஆத்தாதீங்க."

வெள்ளிக்கிழமை விசாரணையில் பிளேயரை ஓட்ட நானே இருந்தேன். ஞானதுரைக்கு அது பெருமை, சென்னையிலிருந்து ஆள் வந்திருக்கிறதே என்று. அதிகாரி நிதானமான மனிதர். எல்லோரையும் உட்காரச் சொல்லி, தண்ணீர் வைக்கச் சொன்னார். ரெக்ஸ் ஒரு மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குத் தெரிந்தபடி அவர் நிஜத்தைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார், 'தூக்கச் சொல்லி சிக்னல் வந்தது, தூக்கினேன்' என்று.

உலகம்மாள் கடைசி நாற்காலியில் இருந்தாள். செத்தவருடைய நெருங்கிய உறவு அவள்தான். படத்தைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் விசாரணை முடியும். அதனால் அன்றைக்குப் பார்த்தே ஆகவேண்டும். மாசானம் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை.

ஓட்டினேன். தம்பி திரையில் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிக்னல்காரர் எட்டிப் பார்த்தார். வலது கை மேலே போனது. தளவாய் நிமிர்ந்தான். அதிகாரி கையைக் காட்ட, அடி விழுவதற்கு முன்னால் நிறுத்தினேன்.

முந்தானை வாயிலிருந்து கீழே வந்திருந்தது.

"இன்னொரு தடவ போடுங்க," என்றாள்.

போட்டேன். இந்தத் தடவை அவள் தம்பியைப் பார்க்கவில்லை. மேலே நிற்கிறவரைப் பார்த்தாள். கை உயர்ந்தபோது அவள் தலையும் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு திரும்பி, அறையில் உட்கார்ந்திருந்த மாசானத்தைப் பார்த்தாள். அவர் தலை குனிந்திருந்தார். சட்டையில் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"மாசானம், நீங்க குடுத்த சிக்னல எழுந்து சொல்லுங்க. செஞ்சும் காட்டுங்க," என்றார் அதிகாரி.

சொல்வதைத்தான் அவர் பழகியிருந்தார். செய்து காட்டச் சொல்வார்கள் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. எழுந்தார். "மொதல்ல குனிஞ்சு பாத்தேன்யா. பெறகு வலது கையத் தூக்கினேன்." கை நெஞ்சு வரைக்கும் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் நாலு விரற்கடை ஏறியது. உதட்டைக் கடித்துக்கொண்டார். "மூணு சுத்து சுத்தினேன்." விரல் தாடைக்குக் கீழே சுற்றியது.

அதிகாரி படத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். "போதும், உட்காருங்க. படத்துல தெளிவா இருக்கு," என்றார் நிமிராமலே. பிறகு என் பக்கம் திரும்பினார். "பதிவு முழுசா இருக்குல்ல சார்? எதுவும் விட்டுப் போகலியே?"

மாசானம் என்னைப் பார்த்தார். லேசாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று.

"முழுசா ஓடுது சார்," என்றேன்.

இருக்கிறது என்று சொல்லவில்லை, ஓடுகிறது என்றுதான் சொன்னேன். அதிலும் ஒரு ஓரம் பார்த்து ஒதுங்கிக்கொண்டேன். மாசானத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் வாயைத் திறந்த அந்தக் கணத்தில் நினைவில் இருந்தது பதினோரு பேர் இல்லை. என் பெயர் போட்ட இரண்டு வரிதான்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மாசானத்தின் கார்டை ஞானதுரை வாங்கி உறையில் போட்டு ஒட்டினார். நான் கணினியை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது உலகம்மாள் படிக்கட்டில் நின்றிருந்தாள். வேப்பமரத்தடியில் மாசானம் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான படத்தக் கொண்டாந்தது?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"அந்தக் கை அவருதில்ல."

"இல்லக்கா."

"அவரு எங்கிட்ட சொன்னாரு. நான்தான் கேக்கல." குரல் உயரவில்லை. "ஏன் உள்ள வச்சுச் சொல்லலன்னு ஒங்களக் கேக்க மாட்டேன். நானும்தான் சொல்லல. கேங்கு ஆளுக பிள்ளைகுட்டிய எனக்கும் தெரியும்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குதேன்," என்றாள். "கை பொய்யி. சரி. என் தம்பி கடைசியா நிமிந்து அவரப் பாத்தானே. அத்தானப் பாத்துட்டுத்தான போனான். அதாவது நெசமா?"

பழைய எஞ்சினில் அந்த நான்கு நொடியும் சாம்பல். தளவாயின் முகம் இருந்த இடமும் சாம்பல். அவன் நிமிர்ந்தானா, கயிற்றைப் பார்த்துக்கொண்டே போனானா என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"அது நெசம்தான்க்கா," என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கினாள்.